கீழ் ஓடையில் துவைத்தவள்

பக்கத்துக் காம்பராக்காரியின் துண்டில் இரத்தத்தைப் பார்த்தவள் நான். பார்த்ததை வெளியில் சொன்னவளும் நான். அதற்குப் பிறகு நடந்தவற்றில் பெரும்பாலானதை மற்றவர்கள்தான் செய்தார்கள் என்றாலும் அவர்கள்மேல் பழி போட்டுவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. என்னிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தார்கள்.

கல்யாணமாகி நான் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது சிலோனுக்குச் சுதந்திரம் கிடைத்து எட்டு, ஒன்பது வருஷம் ஆகியிருக்கும். பட்டிப்பொல பக்கத்து மலை. வருஷத்தில் பாதி நாள் துணி காயாது. எங்கள் லயத்தில் வரிசையாகப் பத்துக் காம்பரா. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு சின்னத் திண்ணை, அவ்வளவுதான் வீடு. காம்பராக்களுக்கு நடுவில் இருந்த சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் அடுப்பு மூட்டினால் புகை அடுத்த வீட்டுக்கும் போகும். பேச்சும் அப்படித்தான்.

லயத்துக்கு மேலே பீலி இருந்தது. மலை ஊற்றைத் தகரக் குழாயில் இழுத்து விட்டிருந்தார்கள். குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அந்தத் தண்ணீர்தான். பீலியடியில் இரண்டு கருங்கல். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல் கிடைக்க விடியற்காலையிலேயே போய் வாளியை வைத்து இடம் பிடிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் துவைக்கிறதுக்கு மாமியார் ஒரு வரிசை வைத்திருந்தார்கள். முதலில் ஆம்பிளைகளின் வேட்டி, சட்டை. அதே சவுக்காரத் தண்ணீரில் பிள்ளையின் துணி. பிறகுதான் எங்கள் சேலை. கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச்சாக்கு கடைசி, ஏனென்றால் அதில் தேயிலைக் கறையும் அட்டை கடித்த இரத்தமும் இருக்கும். மாதத்துணியை இதோடு சேர்க்கவே கூடாது. அதற்குத் தனியாக உடைந்த சட்டி ஒன்று உண்டு. எல்லாரும் போன பிறகு அலசி, வேறொரு துணிக்கு அடியில் மறைத்துத்தான் காயப்போட வேண்டும். வந்த புதிதில் நான் ஒருதரம் வரிசை மாறி என் சேலையை முதலில் நனைத்துவிட்டேன். மாமியார் ஒன்றும் திட்டவில்லை. தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுசாகப் பிடித்துவரச் சொன்னார்கள்.

கடைசிக் காம்பராவில் வேதக்காரக் குடும்பம். அவர்கள் சனிக்கிழமையே துவைத்துவிடுவார்கள், ஞாயிறு பூசைக்குப் போக வேண்டுமே. பிள்ளைகளின் வெள்ளைக் கவுனுக்கு நீலம் போட்டு, மழையென்றால் அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயவைப்பார்கள். துணி வெள்ளையாக இருக்கும், புகை வாசமும் அடிக்கும். நடுக் காம்பராவில் ஏழு பிள்ளைகள். அங்கே முறையும் இல்லை, வரிசையும் இல்லை. அப்பன் வேட்டி, அம்மா சேலை, பிள்ளைகளின் களிசான் எல்லாம் ஒரே தொட்டியில். பிள்ளைகளை உள்ளே இறக்கி மிதிக்க விடுவார்கள். மாமியார் அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்கு அந்தச் சிரிப்பும் கூத்தும் பிடிக்கும்.

எங்கள் பக்கத்துக் காம்பராவில் இருந்தவள் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கு நாலு வயதில் ஒரு பெண் பிள்ளை. அந்த அக்கா ஞாயிற்றுக்கிழமை எங்களோடு துவைக்க வருவதே இல்லை. வேலை விட்டு எல்லாரும் அடுப்படிக்குப் போன பிறகு, வெளிச்சம் மங்குகிற நேரத்தில் தனியாக வந்து அவசரமாக அலசிப் பிழிந்து எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பெருமைக்காரி என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அவள் ஏன் அப்படி வந்தாள் என்று நான் யோசித்துப் பார்த்ததில்லை.

இனி என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் என் அப்பா வேலை செய்த தோட்டத்தில், கிளாக்கர் வீட்டில் துணி துவைத்தேன். அங்கே துவைக்கிறது வேறு மாதிரி. சிமெந்துத் தரையில் துணியைக் குவியல் குவியலாகப் பிரிக்க வேண்டும். வெள்ளை தனி, சாயத்துணி தனி, படுக்கை விரிப்பு தனி, குசினித் துணி தனி. வெள்ளையைச் சோடா போட்டு அண்டாவில் கொதிக்கவைக்க வேண்டும். கஞ்சி போடுகிற சேலையையும் ஐயாவின் கால்சட்டையையும் டோபி வந்து எடுத்துப் போவார்.

அந்த வீட்டு அம்மாவின் தம்பி ஒருத்தர் பின் அறையில் படுத்திருந்தார். சயரோகம். அவருடைய கைக்குட்டைகளை மூடி போட்ட ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பார்கள். நான் அதைக் குச்சியால் எடுத்து, தனி வாளியில், தனி அடுப்பில் கொதிக்கவைக்க வேண்டும். மூடியைத் திறக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. அந்த டின்னை மண்ணில் புதைத்தது நான்தான். எனக்கு அப்போது பதினாறு வயது.

இதையெல்லாம் எங்கள் லயத்துப் பெண்களுக்கு நான் கதை கதையாகச் சொல்லியிருந்தேன். கறை போக என்ன செய்வது என்று என்னிடம் வந்து கேட்பார்கள். துணி விஷயத்தில் எனக்குத் தெரியாதது இல்லை என்று ஒரு பேர் வந்துவிட்டது. எனக்கும் அது பிடித்திருந்தது.

என் மகன் பிறந்து ஆறு மாதம். மார்கழிக் குளிர். லயம் முழுக்க இருமல். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்தார். சட்டி ஒன்று விழுந்து உருண்டது. பிறகு நனைந்த சாக்கைக் கீழே போட்டது போல ஒரு சத்தம். சின்னப்பிள்ளை அழத் தொடங்கி உடனே நிறுத்திவிட்டது. எங்கள் அடுப்படியில் மாமியார், "ஆரம்பிச்சிட்டான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பை ஊதினார்கள். புருஷன் பெண்டாட்டி நடுவில் யாரும் போகமாட்டார்கள், லயத்தில் அதுதான் வழக்கம். நான் பிள்ளையை இன்னும் கொஞ்சம் இறுக்கி அணைத்துப் பால் கொடுத்தேன். இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: எனக்கு எல்லாம் கேட்டது.

மறுநாள் விடிகிற நேரம் பிள்ளையின் துணிகளோடு பீலிக்குப் போனேன். அதிசயமாக அந்த அக்கா அங்கே இருந்தாள். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு துவைத்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளைக்குச் சளியா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

ஆமாம் என்றேன். அவள் இரண்டு தரம் இருமினாள். அப்போதுதான் கல்லின்மேல் கிடந்த துண்டைப் பார்த்தேன். வெள்ளைத் துண்டு. அதில் ஐந்தாறு இடத்தில் இரத்தம், ஓரம் காய்ந்து பழுப்பாகியிருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். துண்டை இழுத்துக் காலடியில் போட்டு மிதித்துக்கொண்டாள்.

எனக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டியது முதல்நாள் சாயங்காலத்துச் சத்தம். வரவில்லை. பிஸ்கட் டின்தான் கண்முன் வந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு ஒரு துணிகூட நனைக்காமல் வீட்டுக்கு ஓடினேன்.

"அத்தை, பக்கத்து வீட்டு அக்கா துண்டுல ரத்தம். இருமுறாங்க. கிளாக்கர் வீட்டுல நான் பாத்தேனே, அப்பிடியே இருக்குங்க."

மாமியார் எழுந்து போய், சுவரோரம் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைப் பாயோடு இழுத்து மறுபக்கம் போட்டார்கள்.

திங்கட்கிழமை காலை, வேலைக்கு ஆள் பிரித்து அனுப்பும் பெரட்டுக்குள் மலை முழுக்கத் தெரிந்துவிட்டது. கொழுந்து நிரையில் பெண்கள் என் பக்கத்தில் வந்து விசாரித்தார்கள். எப்படிப் பரவும், தண்ணீரில் பரவுமா, காற்றில் பரவுமா என்று கேட்டார்கள். தெரியாது என்று நான் ஒரு கேள்விக்கும் சொல்லவில்லை. தனியாகத் துவைக்க வேண்டும், ஒரே கல்லில் அடிக்கக் கூடாது, நம் துணிக்கு மேல்பக்கம் நின்று அலச விடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே போனேன். என் வயதுக்கு இரண்டு மடங்கு மூத்தவர்கள் தலையாட்டிக் கேட்டார்கள். அந்த ஒரு வாரம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

கங்காணி வந்து அந்த அக்காவின் புருஷனிடம் கேட்டார். அந்த மனுஷன் உடனே ஆமாம் என்றார், கொஞ்ச நாளாகவே இருமுகிறாள் என்றார். நோய் என்று சொல்லிவிட்டால் வேறெதையும் யாரும் கேட்கப் போவதில்லையே. அன்றைக்கே தன் பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து லயத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். அவளோ வாயைத் திறக்கவில்லை. தன் புருஷன் அடித்து வந்த இரத்தம் என்று சொல்வதைவிட நோய்க்காரி என்ற பேர் அவளுக்குப் பரவாயில்லை என்று பட்டிருக்கலாம். அல்லது, சுற்றியிருந்த நாங்கள் எல்லோரும் காதால் கேட்டதை எங்களிடமே ஏன் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கலாம்.

இனிமேல் பீலியில் துவைக்கக் கூடாது, கீழ் ஓடைக்குப் போக வேண்டும் என்று கங்காணி சொன்னார். கீழ் ஓடை மாட்டுப்பட்டிக்கும் கீழே. பாசி பிடித்த பாறை வழியாக இறங்க வேண்டும். பிள்ளைக் காம்பரா ஆயாவும் அந்த அக்காவின் மகளைச் சேர்க்கமாட்டேன் என்றுவிட்டாள். நாங்கள் வேலைக்குப் போகும்போது எங்கள் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவோம். அவள் மட்டும் மகளைத் தன்னோடு மலைக்குக் கூட்டிவந்து, மழைக்குத் தலையில் போடும் கொங்காணியால் போர்த்தித் தேயிலைச் செடிக்கு அடியில் உட்காரவைப்பாள். மழை பெய்யும்போது நான் அந்தப் பக்கம் பார்க்காமல் கொழுந்து எடுத்தேன்.

ஒரு மாதத்துக்குள் தோட்டத்து டாக்டரய்யா அவளை நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு லொறியில் அனுப்பினார். அவள் அங்கே இருந்த நாட்களில் பிள்ளையை யார் பார்ப்பது என்று வந்தது. புருஷன் வீட்டார் மாட்டேன் என்றார்கள். கடைசிக் காம்பரா வேதக்கார அக்காதான், "எங்க வீட்டுல அஞ்சோட ஆறாக் கெடக்கட்டும்" என்று கூட்டிப்போனாள். அந்த வாரமே அந்தச் சின்னப்பிள்ளையின் பாவாடையும் நீலம் போட்ட வெள்ளைக் கவுன்களோடு ஒரே கயிற்றில் தொங்கியது. அதை நான் பார்த்தேன். என் பிள்ளையின் துணியை அந்தப் பக்கக் கொடியிலிருந்து எடுத்து வேறிடத்தில் போட்டேன்.

நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்து, நோய் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். டாக்டரய்யாவே பெரட்டுக்கு வந்து எல்லார் முன்னாலும் சொன்னார்: "நெஞ்சுல ஒண்ணும் கெடையாது. பல்லு ஒண்ணு ஒடைஞ்சிருக்கு, ஒதட்டுல பழைய காயம். அவ்வளவுதான்." எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஒருவரும் அந்தப் புருஷன் நின்ற பக்கம் திரும்பவில்லை. தரையைப் பார்த்தபடி வேலைக்குக் கலைந்தோம்.

அடுத்த ஞாயிறு அவள் பீலிக்கு வந்தாள். வாளியும் துணியும் கையில், பின்னால் மகள். முதல்தடவையாக நாங்கள் எல்லாரும் இருக்கிற நேரம் பார்த்து வந்தாள். ஒருத்தி தன் வாளியை ஓரமாக இழுத்தாள். மற்றவர்களும் இழுத்தார்கள், வழி விடுவதற்காக இல்லை. கல்லில் நான் இருந்தேன். வேதக்கார அக்கா பூசைக்குப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று பலநாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். என் வாயால் சொல்ல வேண்டியதை அடுத்தவள் வந்து சொல்லியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் ஒரு தப்பித்தல்தான்.

பக்கத்து வீட்டு அக்கா மற்ற யாரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"நீதானே பாத்த. நீ சொல்லு. நான் இங்க தொவைக்கலாமா, கூடாதா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். துவையுங்க அக்கா என்று இரண்டு வார்த்தை. சொல்லியிருந்தால் அவ்வளவு பேரும் கேட்டிருப்பார்கள். ஆனால் அதைச் சொன்னால் நான் சொன்னது பொய் என்று ஆகும். இரத்தம் எங்கிருந்து வந்தது என்ற பேச்சு வரும். அன்றைக்குச் சாயங்காலம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது வெளியே வரும். இவ்வளவும் அந்த நேரத்தில் நான் தெளிவாக நினைத்தேனா என்று தெரியாது. வாயில் வந்தது வேறு.

"இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பாப்போமே அக்கா."

அவள் வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிக் கீழே இறங்கினாள். மகள் பின்னாலேயே ஓடியது.

அதற்கு மூன்றாவது ஞாயிறு, கீழே இருந்து அலறல் கேட்டது. நான் பீலியடியில் பிள்ளையின் துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தேன். கையில் இருந்ததோடு இறங்கி ஓடினேன். சின்னப்பிள்ளை பாசிப் பாறையில் வழுக்கி விழுந்து, இடது கை முழங்கைக்குக் கீழே மடங்கிக் கிடந்தது. அந்த அக்கா மகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கையைச் சேர்த்துக் கட்டலாம் என்று நான் கையில் இருந்த துணியை நீட்டினேன்.

"வேணாம். அது ஒம் புள்ள துணி" என்றாள்.

குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே எனக்காகச் சொன்னது போல இருந்தது. தன் சேலை முந்தானையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். அப்போது மேல்வரிசையில் அந்த உடைந்த பல்லைப் பார்த்தேன். கட்டி முடித்து, மகளைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டி மேலே ஏறிப் போனாள். அவளுடைய வாளியையும் துணியையும் நான் எடுத்துவந்து அவள் இஸ்தோப்பில் வைத்தேன். மறுநாளும் அது அங்கேயே இருந்தது.

கை கூடியது, கோணலாகக் கூடியது. கட்டு அவிழ்த்த சில நாளில் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு வலப்பனைப் பக்கம் தன் தங்கை இருந்த தோட்டத்துக்குப் போய்விட்டாள். போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, வேதக்கார அக்காவிடம் மட்டும் சொன்னாள். புருஷன் ஒருதரம் தேடிப் போய்ப் பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பினார். காம்பராவுக்கு வெள்ளையடித்து வேறொரு குடும்பத்தைக் குடிவைத்தார்கள். அந்தப் பெண் வந்த முதல்நாளே பீலிக்கு வந்து எங்களோடு துவைத்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து நானுஓயா ஸ்டேஷனில் அந்த அக்காவைப் பார்த்தேன். இந்தியாவுக்குப் போவதா இங்கேயே இருப்பதா என்று எல்லா வீட்டிலும் பேச்சாக இருந்த காலம். நான் ஒரு சொந்தக்காரரை வழியனுப்ப வந்திருந்தேன். அவள் மேடையில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். முடி நரைத்திருந்தது. அவள்தான் முதலில் என்னைக் கூப்பிட்டாள்.

கண்டிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற இடத்தில் வேலை என்றாள். வார்டு வார்டாகத் துணி மூட்டை வரும், பிரித்துப் போடுவதுதான் தன் வேலை என்றாள். இரத்தம் பட்டதைப் பச்சைத்தண்ணீரில் ஊறவைத்தால்தான் போகும், சுடுதண்ணீரில் போட்டால் கறை பிடித்துக்கொள்ளும் என்று, ஏதோ இரண்டு பேரும் ஒரே தொழில்காரர்கள் என்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள். நான் அந்த நாட்களில் லயத்துப் பெண்களுக்குக் கொதிக்கவைக்கத்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

இதற்குமேல் முடியாமல் நான் சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலம் எனக்குக் கேட்டது, ரத்தம் எதனால் வந்தது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் பேசாமல் இருந்தேன் என்றேன்.

"தெரியும்" என்றாள். "அன்னைக்கு நீ ஓடுன பின்னாலயே நானும் வீட்டுக்கு வந்துட்டேன். ஒங்க அத்தைகிட்ட நீ சொன்னது எனக்கும் கேட்டிச்சு. அந்தப் பக்கம் பேசுனா இந்தப் பக்கம் கேக்குற சொவருதானே."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். மன்னித்தேன் என்பாளோ என்றும் ஒரு நப்பாசை இருந்தது. இரண்டும் இல்லை. என் மகன் நன்றாக இருக்கிறானா, பள்ளிக்கூடம் போகிறானா என்று கேட்டாள். மூன்றாம் வகுப்பு என்றேன். நல்லது என்றாள்.

அந்த நேரம் தண்ணீர்ப் போத்தலோடு ஒரு பெண் பிள்ளை வந்தது. பன்னிரண்டு வயது இருக்கும், உயரமாக வளர்ந்திருந்தது. இடது கை உடம்போடு ஒட்டினாற்போல வளைந்திருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, யாரம்மா இவங்க என்று கேட்டது.

"நம்ம பழைய லயத்துல பக்கத்து வீடு. அத்தைன்னு கூப்புடு."

ரயில் வந்துவிட்டது. நான் மூட்டையைத் தூக்கப் போனேன். அதற்குள் அந்தப் பிள்ளை வலது கையால் எடுத்துத் தோளில் ஏற்றிக்கொண்டது. பெட்டியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, "போயிட்டு வாறோம் அத்தை" என்று சிரித்தது. அந்த முகத்தில் என்மேல் ஒரு குறையும் இல்லை. அதற்கு ஒன்றும் தெரியாது. தாய் சொல்லிக்கொடுக்கவில்லை.

நானும் என் மகனிடம் இதுவரைக்கும் சொல்லவில்லை. நோய் வராமல் அவனைக் காப்பாற்றத்தான் அந்த அக்காவுக்கு அப்படிச் செய்தேன் என்று முன்பெல்லாம் எனக்குள் சொல்லிக்கொள்வேன். ஸ்டேஷனிலிருந்து திரும்பிய நாளுக்குப் பிறகு அதையும் சொல்லிக்கொள்ள முடியவில்லை.